வாங்கசாமி

பள்ளிபாளையத்தில் நான் தினமும் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்த்த பேக்கரியின் முதலாளி அவர். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மஞ்சள் துண்டு. பேசும்போதெல்லாம் அந்தத் துண்டால் சுத்தமான மேசையையே துடைத்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள் வைஃபை பாஸ்வேர்டு கேட்டேன்.

"வாங்கசாமின்னு சேர்த்து அடிங்க. பேக்கரிக்கு நெட்டு எதுக்குன்னு ஊட்டுல திட்டறாங்க. வாரவங்க நிம்மதியா உக்காரட்டுமேங்க" என்றார். நம்பிவிட்டேன். வீட்டு இணைப்பைக்கூட நிறுத்திவிட்டேன்.

சென்ற வாரம் நெட் கிடைக்கவில்லை.

"காத்தாலயிருந்தே லைன் கட்டாயிக் கெடக்குதுங்க சாமி" என்று மேசையைத் துடைத்தார்.

பக்கத்து மேசையில் ஒருவர் பப்ஸ் தின்றபடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மெதுவாக விசாரித்தேன்.

"நெட்டு வருதுங்களே! பாஸ்வேர்டத்தான் மாத்திட்டாருங்க. போயிட்டுவாங்க."

என்னைத்தான் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதுதான் புதிய பாஸ்வேர்டாம்.

"போதும், எழுந்திரு" என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்தப் புதிய பாஸ்வேர்டை அடித்துப் பார்க்க மனம் வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தேன்.

"போயிட்டு வாங்க சாமி" என்று சிரித்தார்.

தினமும் அவர் சொல்கிற வார்த்தைதான் அது. எந்த நாளிலிருந்து என்னை விரட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் தெரியவில்லை.