மடிப்பு மாற்றாத கூறை

தானாகக் கிழிகிற பட்டின் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திருப்பூரில் பதினெட்டு வருடம், ஆக்லாந்தில் பதினொரு வருடம் என்று துணியோடுதான் என் பிழைப்பு. ஆனாலும் கேட்டதில்லை. ஃபிட்டிங்குக்காகக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற தர்ஷினி கையைத் தூக்கினாள். முதுகில், தையலே இல்லாத இடத்தில், ஸ்கேல் வைத்து அறுத்ததுபோல ஒரு நேர்கோடு திறந்துகொண்டது. அவள் அப்படியே கையைத் தூக்கியபடி நின்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு அசெஸ்மென்ட்.

நான் இங்கே ஒரு ஃபேஷன் கல்லூரியில் டெக்னீஷியன். பாடம் நடத்துவது டியூட்டர்கள். மெஷின், பேட்டர்ன், கட்டிங் டேபிள் என் பொறுப்பு. இறுதி வருட மாணவர்கள் நல்ல துணியை வெட்டுவதற்கு முன்பு என்னிடம் காட்டி, ஷீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்தது என் கையெழுத்தால்தான்.

1. கையெழுத்து

தர்ஷினி எட்டு வயதில் அப்பா அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அவளுடைய ஃபைனல் கலெக்‌ஷன் முழுக்க அவர்கள் ஊர்க் கல்யாண வீட்டிலிருந்து எடுத்தது. மொத்தம் ஆறு உடைகள். ஐந்து புதுத் துணியில். ஆறாவது ஒரு நீளமான கோட். அதை அம்மாவின் கூறைப்புடவையில் வெட்டப்போவதாகச் சொன்னாள். தாலி கட்டும்போது உடுத்திய புடவை.

"அம்மாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"அவதான் தந்தவ, அங்கிள். அப்பா தவறினாப் பிறகு அவ அதைத் தொடேல்லை. பெட்டிக்குள்ள கிடந்து என்னத்துக்கு, நீ போட்டு நடக்கிறதை ஒருக்கா பாத்தாப் போதும் எண்டு சொன்னவ."

அசெஸ்மென்டில் தேர்வாகிறவர்களுக்கு ஒரு ஷோ உண்டு. அதில் கடைசி உடையை வடிவமைத்தவரே போட்டு நடக்க வேண்டும். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே ஷோ நாளுக்கு ஷிஃப்ட் மாற்றி வாங்கி வைத்துவிட்டார்.

டேபிளில் விரித்தபோது அறையே சிவந்து போனது. அரக்குச் சிவப்பு, கெட்டி ஜரிகை. நான் சாயம் பார்த்தேன், கறை பார்த்தேன், ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மடிப்புக் கோடுகள் மட்டும் ஆழமாக இருந்தன.

"இந்தக் கோடு போகுமோ, அங்கிள்?"

"ஸ்டீம் குடுத்தா எல்லாம் போயிரும்மா. பட்டுதானே, நல்லாப் படியும்."

போயும்விட்டது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

எனக்குத் துணி என்றால் ரோலில் வருவது. திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி சாம்பிள் ரூமுக்கு யாரும் பழைய புடவையைக் கொண்டு வந்ததில்லை. பழைய பட்டைப் பற்றித் தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை.

அவள் கவனமான பிள்ளை. முதலில் காடாத் துணியில் முழுக் கோட்டையும் தைத்துப் பார்த்து, தோளை இரண்டு முறை திருத்தி, பிறகுதான் பட்டில் கத்தரி வைத்தாள். அவள் பக்கம் ஒரு தப்பும் இல்லை.

2. ஆறில் ஐந்து

கிழிந்த இடத்தின் பின்பக்கம் சூட்டில் ஒட்டிக்கொள்கிற மெல்லிய ஃப்யூசிங் துணி வைத்து அயர்ன் பண்ணினேன். பிடித்தது. ஒரு சாண் தள்ளி அடுத்த கோடு விட்டது. அதை ஒட்டினேன். கைப்பகுதியில் ஒன்று விட்டது. அப்போதுதான் கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்தேன். எல்லாம் ஒரே அளவு. புடவை பெட்டிக்குள் எப்படி மடிந்து கிடந்ததோ அந்த மடிப்பிலெல்லாம் பட்டு இற்றுப் போயிருந்தது. ஸ்டீம் மடிப்புக் கோடுகளை மறைத்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. மாற்றி வெட்ட மிச்சத் துணியும் இல்லை. இருந்த துண்டுகளிலும் அதே கோடுகள்.

டியூட்டர் வந்து பார்த்தார். நல்ல மனுஷி. கிழிந்தபடியே காட்டலாமே, அதுவே ஒரு கருத்தாகிவிடும் என்றார். தர்ஷினி அவரிடம் ஆங்கிலத்தில் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவர் போனபின் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாட கூறையைக் கிழிசலாப் போட்டுக்கொண்டு ஆக்களுக்கு முன்னால நிக்க ஏலாது, அங்கிள்."

மறுநாள் ஐந்து உடைகளைக் காட்டினாள். பாஸ் போட்டார்கள். ஷோவுக்கு எடுக்கவில்லை. மூன்று வருடப் படிப்பு அங்கே முடிந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். டேபிளைத் துடைத்து, ஊசிகளை எண்ணிப் பெட்டியில் போட்டு, "தாங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வீடு. வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மடிப்பு மாத்தி வெச்சிருந்தாங்களான்னு கேட்டீங்களா?"

"என்ன மடிப்பு?" என்றேன்.

"பட்ட ஒரே மடிப்புல வெச்சா இத்துப் போயிரும். வருஷத்துக்கு ரெண்டு தடவை எல்லாத்தையும் எறக்கி, மாத்தி மடிச்சு வெக்கிறேனே, அத என்னன்னு நெனச்சீங்க?"

பீரோவைச் சுத்தம் பண்ணுகிறாள் என்று நினைத்திருந்தேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

3. ஏவன்டேல்

அந்தச் சனிக்கிழமை ஏவன்டேலில் இருக்கிற தர்ஷினி வீட்டுக்குப் போனேன். ரயிலில் வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன்: பார்க்க வேண்டியவன் நான், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையது. அதிகம் இல்லை, மூன்று துண்டு.

தர்ஷினி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். கோட் சோபாவின் மேல் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நான் விட்ட பிழை, அண்ணா. மடிப்பு மாத்தி வைக்கோணும் எண்டு எனக்குத் தெரியும். அவர் போனாப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்க மனம் வரேல்லை. பதினாலு வருசம். என்ர பிள்ளையின்ர படிப்பை நான்தான் கெடுத்துப் போட்டன்."

சொல்ல வேண்டியது அந்த இடத்தில்தான். நான் தலையை ஆட்டினேன். ஆறுதல் சொல்வதுபோலத்தான் ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார். டீயைக் குடித்து முடித்து எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது பழைய பட்டு யார் கொண்டுவந்தாலும், மடிப்பை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்து இழுத்துப் பார்க்காமல் ஷீட்டைத் தொடுவதில்லை. கட்டிங் டேபிளுக்கு மேலே எழுதியும் ஒட்டியிருக்கிறேன். தொழிலில் நான் கற்றது அது. உங்களுக்கும் அதுதான் பாடம்.

தர்ஷினி ஒனிஹங்காவில் திரைச்சீலை தைக்கும் கடையில் இருக்கிறாள். ஜன்னல் அளவு எடுக்கிற வேலை. போன மாதம் ரயில் நிலையத்தில் பார்த்தேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்கிறா, அங்கிள். ஒவ்வொரு மாசமும் அந்தக் கோட்டை வெளியில எடுத்து, மாத்தி மடிச்சு வைக்கிறா" என்றாள்.