கரடிப் பாட்டு

மகளின் பள்ளி வேலைக்காக இன்று மைதா பசை காய்ச்சினேன். அந்த வாசனையில், கோவில்பட்டியில் அம்மா லேபிள் ஒட்டிய தீப்பெட்டி ஆபீஸ் அடுப்படிக்குள் வந்துவிட்டது.

பள்ளி விடுமுறை என்றால் அந்தத் தகரக் கொட்டகையில்தான் கிடப்பேன். பசையைத் தொட்டு, இழுத்து, ஒட்டும் விரல்களின் சரக் சரக் சத்தத்துக்கு ஏற்ப, லேபிளில் இருக்கும் பறவை, மிருகங்களை வைத்து, அம்மாவோடு வேலை பார்த்த செல்வி அக்கா கேலிப்பாட்டுக் கட்டுவாள். மயிலுக்குச் சளி பிடிக்கும், முயலுக்குத் தொப்பை விழும். நான் அவள் மடியில் உட்கார்ந்து கூடப் பாடுவேன்.

ஒருநாள் கரடி லேபிள் வந்தது.

கரடி அண்ணாச்சி காது முடியைக்
கட்டிப் போட்டார் ரிப்பனிலே;
கழுதை வந்து பொண்ணுன்னு நெனச்சுக்
கல்யாணம் பேசிச்சு சந்தையிலே!

கொட்டகையே சிரித்தது. வாசலில் போர்மேன் நின்றார், காதில் கற்றை முடியோடு.

"எவ கட்டுன பாட்டுட்டி இது?"

"இந்தப் பிள்ளதான் அண்ணாச்சி," என்றாள் செல்வி அக்கா, என் தலையைத் தடவிக்கொண்டே.

அவ்வளவு நல்ல பாட்டு என்னுடையதாகவே இருக்கட்டுமே என்ற ஆசையில் நானும் தலையாட்டினேன்.

"நாளையிலருந்து நீ வராண்டாம்," என்றார் அவர், அம்மாவிடம். அம்மா செல்வி அக்காவையே பார்த்தாள். அவள் தலை நிமிராமல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம்.

நான் பாடிக்காட்டிய பாட்டைக் கேட்ட மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரும்மா கட்டுனது?"

"நான்தாம்ட்டி," என்றேன், தலை நிமிராமல் பசையைக் கிண்டியபடி.