சாரலில் காயாத பதினைந்து டயப்பர்கள்

போன வருடம் ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. தென்காசியில் எங்கள் தெருவில் ஒரு வாரமாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. ஊரே சாரலைக் கொண்டாடிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம், என் ஆறு மாத மகளின் பதினைந்து துணி டயப்பர்கள்.

இது அதற்கு முந்தைய சீசனில் ஆரம்பித்த வினை. மனைவி அப்போது மாசமாக இருந்தாள். அருவிக்குக் கீழே ஓடுகிற தண்ணீரில் நான் காலை நனைத்துக்கொண்டு நின்றபோது, யாரோ வீசிய டயப்பர் ஒன்று ஊதிப் பெருத்து மிதந்து வந்து என் கணுக்காலில் ஒட்டியது. அருவருப்பைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. நம் பிள்ளைக்கு இந்தச் சனியன் கிடையாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மகள் பிறந்ததும், துவைத்துத் துவைத்துப் போடுகிற துணி டயப்பர்கள் வாங்கினேன். துவைப்பது என் பொறுப்பு என்று வீரமாக அறிவித்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காபி வருவதற்கு முன்னால் என் பிரசங்கம் வந்துவிடும். ஆசையாக டயப்பர் பாக்கெட் வாங்கிவந்த மதினியிடமே, மண்ணில் மக்காத குப்பையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். நீங்க துவைக்கிற அழகையும் பார்க்கத்தானே போறோம் என்று சிரித்துக்கொண்டே போனார்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பிள்ளை உடம்புல ஒரு செவப்பு கண்டாலும் அன்னைக்கே கடை பாக்கெட்டுதான். பெறவு எங்கிட்ட பேசக் கூடாது." நியாயம்தானே, ஒத்துக்கொண்டேன்.

சித்திரை, வைகாசி வெயிலில் நான்தான் ராஜா. மாடிக்கொடியில் போட்டால் மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். சாரல் விழுந்ததும் என் கொட்டம் அடங்கியது. ஃபேனுக்கு அடியில், ஜன்னல் கம்பியில், பைக் கண்ணாடியில் என்று எங்கே போட்டாலும் இரண்டு நாள் ஈரம், அதோடு ஒரு முடை நாற்றம். நாற்றம் போகட்டும் என்று, அலசுகிற தண்ணீரில் துணிக்கு வாசம் தரும் லிக்விட்டை ஒரு மூடி ஊற்றினேன். வீடே கமகமத்தது. ஆனால் டயப்பர் ஒழுக ஆரம்பித்தது. ஊற்றியது போதவில்லை போல என்று இரண்டு மூடி ஊற்றினேன். நாலாவது நாள் பிள்ளையின் தொடை இடுக்கில் சிவப்பு.

அவள் கத்தவில்லை. மருந்தைத் தடவியபடி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. பிள்ளை சிணுங்கும்போதெல்லாம், என் வீம்புக்கு அது கஷ்டப்படுகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் அண்ணன் குடும்பம் மதுரையிலிருந்து குளிக்க வந்தது. குற்றாலத்தில் பிள்ளைக்காக ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். மனைவியையும் அவர்களோடு அருவிக்கு அனுப்பிவிட்டு நான் பிள்ளையோடு இருந்தேன். அரை மணி நேரத்தில் வெள்ளை விரிப்பில் பெரிய வட்டம். டயப்பரின் உட்பக்கம் பாதிகூட நனையவில்லை, எல்லாம் வெளியேதான்.

விரிப்பைச் சுருட்டிக்கொண்டு, டயப்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகப் பின்கட்டுக்குப் போனேன். லாட்ஜில் துணி துவைப்பது, அறை கூட்டுவது எல்லாம் பார்க்கிறவர் அங்கே துண்டுகளை அலசிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். விரிப்பை வாங்கி வாளியில் போட்டுக்கொண்டார். பிள்ளையைச் சுற்ற மெத்தென்று ஒரு பழைய துண்டு கொடுத்தார். பிறகு, என் பையிலிருந்து துவைத்த டயப்பர் ஒன்றைக் கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்தார். அதன்மேல் ஒரு கை தண்ணீர் விட்டார். சேம்பு இலையில் விட்டது போல உருண்டு ஓடியது.

"வாசன லிக்விட் ஊத்துதீங்களோ?"

தலையாட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அது நூல்மேல் மெழுகு மாதிரி படிந்துவிடுமாம், அப்புறம் துணி தண்ணீரை உறிஞ்சாதாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் லாட்ஜ் துண்டுகளுக்கு அதை ஊற்றியிருக்கிறார். அருவியில் குளித்து வந்தவர்கள் துவட்டத் துவட்ட ஈரம் போகாமல் சண்டைக்கு வந்தார்களாம். சுடுதண்ணீரில் நாலைந்து தடவை அலசினால் சரியாகிவிடும் என்றவர், பையிலிருந்த ஐந்தையும் தானே வாங்கி அலசினார். காய்ந்த துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்தார். சாரல் நாளில் லாட்ஜ் துணியெல்லாம் காய்கிற பாய்லர் அறைக் கயிற்றில் போட்டார்.

நன்றி சொல்வதோடு நிறுத்தாமல், அவரிடமும் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். மண் கெடுகிறது, ஆறு கெடுகிறது என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, சீசன்ல ரூம் ரூமா கெடக்குற டயப்பர நாந்தான் கையால அள்ளுதேன். இங்கன துணியில கொண்டாந்த மொத ஆளு நீங்கதான். விட்டுராதீங்க."

அத்தனை மாதம் அத்தனை பேரிடம் பேசியதில், இப்படி ஒரு ஆள் இருப்பது என் நினைப்பிலேயே இல்லை. வெட்கமாக இருந்தது.

மனைவி வந்ததும் இரண்டு மூடி ஊற்றியது வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னும் ஒரு வாரம் தருவதாகச் சொன்னாள். சாயங்காலம் காய்ந்த டயப்பரோடு வீடு திரும்பினோம். வழியில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வீட்டிலிருந்த மற்ற பத்தையும் அதே மாதிரி சுடுதண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்துப் போட்டேன். அந்த வாரத்துக்குள் பிள்ளையின் சிவப்பும் மறைந்துவிட்டது.

இப்போது மகளுக்கு ஒன்றரை வயது. பிரசங்கம் செய்வதை விட்டுவிட்டேன், துவைப்பதை விடவில்லை. அலுப்பாக இருக்கிற காலைகளில், பூமியைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பெல்லாம் என்னை வாளி முன்னால் உட்கார வைப்பதில்லை. நான் துவைக்கிற ஒவ்வொன்றும், எங்கோ ஒருவர் கையால் அள்ள வேண்டியதில் ஒன்று குறைவு என்ற எண்ணம்தான் உட்கார வைக்கிறது.