எழுபது கிலோ

என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கண்டது இதைத்தான். எண்பதுகளின் நடுவில் ஒக்லாந்தில் ஒரு ரக்பி லீக் கிளப்பின் இரண்டாம் அணியில் நான் விங்கில் ஆடிக்கொண்டிருந்தேன். மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்து கைக்கு வந்ததும் எதிரணியின் கோட்டை நோக்கி ஓடுவதுதான் வேலை. எதிரே வருகிறவன் ஒவ்வொருவனும் கதவு அகலம் இருப்பான். அவன் கையில் அகப்பட்டால் நான் தொலைந்தேன். ஆனால் நான்கு வருடங்களில் பின்னாலிருந்து ஓடிவந்து என்னைப் பிடித்தவன் ஒருவன்கூட இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு வேண்டியது சிட்னி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குச் சம்பளம் கொடுக்கிற ஊர் அது. இங்கே நான் தினமும் ஹில்ஸ்பரோவிலிருந்து புக்கெகோஹிக்குக் கார் ஓட்டிப்போய், ஒரு வெங்காயக் கொட்டகையில் மூட்டை அடுக்கினேன். ஆள் எடுக்க வருகிற சிட்னிக்காரர்கள் முதல் அணியில் ஆடுகிறவர்களை மட்டுமே பார்ப்பார்கள். என்னை முதல் அணியில் சேர்ப்பதற்கு எங்கள் கோச் பயந்தார்.

"யாராவது உன்னை இரண்டாக முறித்துவிடுவான்" என்றார் அந்த வருடப் பருவம் தொடங்கியபோது. "எழுபது கிலோவாக வா. ஆகஸ்டில் சிட்னியிலிருந்து ஆள் வரும் நாளில் உன்னை இறக்குகிறேன்."

நான் அப்போது ஐம்பத்தொன்பது கிலோ.

மற்றவர்கள் இறைச்சியால் வளர்ந்தார்கள். எங்கள் வீடு சைவம். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் வருடமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஒருநாள் துணிந்து, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றை வாங்கித் தின்று, கிளப்பின் கார் நிறுத்துமிடத்திலேயே அதை வாந்தியெடுத்தேன். பிறகுதான் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ரக்பி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒரு உடம்பைத் தேற்றவேண்டும் என்றால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் கொடுக்கிற உழுத்தங்களியும், நல்லெண்ணெயும், பச்சை முட்டையும்.

"அம்மா, அது பொம்பிளைப் பிள்ளையளுக்கெல்லோ குடுக்கிறது."

"சாப்பிடுறது ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு உளுந்துக்குத் தெரியுமே? வாயைத் திற."

"முட்டை மச்சமில்லையோ? நாங்கள் சைவமெல்லோ?"

"மருந்துக்குப் பாவமில்லை. திற வாயை."

இருபத்திரண்டு வயதில் வாயைத் திறந்தேன். உளுந்து குஜராத்திக்காரர் கடையிலிருந்து வந்தது. பனங்கட்டிக்குப் பதிலாக மூலைக்கடையில் வாங்கிய பிரவுண் சீனி. எண்ணெய்தான் கொடுமை. நல்லெண்ணெய் என்று நம்பி அம்மா சீனக் கடையில் வாங்கியது வறுத்த எள்ளின் கறுத்த எண்ணெய். பயிற்சியில் எனக்கு வேர்க்கும்போது பக்கத்தில் நிற்பவன் மூக்கைச் சுளித்தபடி, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்பான்.

வெள்ளிக்கிழமைகளில் வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பேன். எங்கள் மேற்பார்வையாளர் முள்ளைப் பார்த்துவிட்டு, "இந்த மூட்டை ஏற்றுமதிக்கா, உள்ளூருக்கா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஏற்றுமதிக்குத்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

மே மாதத்தில் அறுபத்துமூன்று. ஜூலையில் அறுபத்தெட்டு. அம்மா வாசலிலேயே காத்திருப்பார். நான் சப்பாத்தைக் கழற்றுமுன் "எவ்வளவு?" என்று கேட்பார். சொன்னதும் முகம் மலரும். "மூர்த்தி சிறிதெண்டாலும் கீர்த்தி பெரிசு" என்று அடுப்படிக்குப் போவார். அப்பா போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்துக் கிலோ ஏறியிருப்பேன்.

ஏறியதெல்லாம் வயிற்றில் ஏறியது. பயிற்சியில் ஒருநாள், என் முதுகை மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவன் எனக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தான். சேறு என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் சளி என்று சொல்லிக்கொண்டேன். உண்மை எனக்குத் தெரியும். தெரிந்தும் விடிந்தால் களியைத் தின்றேன். கோச் சொன்ன எண் எழுபது. வேகத்துக்கு அவர் எண் ஒன்றும் சொல்லவில்லை. முட்டாளுக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு கிணற்றிலும் குதிப்பான்.

ஆகஸ்டில் எழுபதரை. கோச் சொன்ன சொல்லைக் காப்பாற்றி முதல் அணிச் சட்டையைத் தந்தார். அது தொடைவரை தொங்கியது. முதல் பாதி முழுக்க பந்து என் பக்கம் வரவில்லை. இரண்டாம் பாதியில் வந்தது. எனக்கு முன்னால் ஒருவருமில்லை. வெறும் புல், அதற்கப்பால் கோடு. போன வருடமாயிருந்தால் அது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற தூரம். பாதித் தூரத்தில் மூச்சு வாங்கியது. கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை என் கழுத்துப்பட்டியைப் பிடித்தது. விழுந்தபடி திரும்பிப் பார்த்தேன். முன்வரிசைக்காரன்; மைதானத்திலேயே கனத்த, மெதுவாக ஓடுகிற ஆட்கள் நிற்கிற இடம் அது. என்னைவிடப் பத்து வயது மூத்தவன், காதோரம் நரைத்தவன். அவனுக்கே நம்பமுடியாமல் இருந்தது.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் கொட்டகைக்கு வெளியே சிட்னிக்காரர் நின்றார். மழைக்கோட்டு, கையில் ஒரு குறிப்புப் புத்தகம். என்னை நிறுத்தினார்.

"இந்தக் கிளப்பில் உன்னைப்போல ஒரு குட்டையன் இருப்பதாகப் போன வருடம் சொன்னார்கள்" என்றார். "அவனைப் பின்னாலிருந்து பிடிக்க ஆளே இல்லையாம். எனக்கு உயரம் பொருட்டில்லை. அவனைப் பார்க்கத்தான் வந்தேன். இன்று அவன் ஆடவில்லையா?"

"இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு முதலிலேயே பிள்ளையார் கையில் இருந்தார். நான்தான் அவரைப் பிசைந்து குரங்காக்கினேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் நின்றார்.

"என்னவாம், தம்பி?"

அவருக்குப் பின்னால் அடுப்படி தெரிந்தது. அடுத்த நாளுக்கு உளுந்து வறுத்துத் தட்டில் ஆறப்போட்டிருந்தார். ஐந்து மாதம் ஒருநாள் தவறாமல் இடித்த கை அது. அந்தக் கைக்கு நான் என்ன பதில் சொல்வது? வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"நான் கட்டையாம், அம்மா. எடுக்கமாட்டினமாம்."

அம்மாவின் உயரம் நாலடி பத்தங்குலம். அப்பா நல்ல உயரம். இதை நான் வாயைத் திறக்குமுன் நினைத்திருக்கவேண்டும். அவர் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்: "அது நான் தந்ததெல்லோ, ராசா."

இல்லையம்மா, உயரத்தில் ஒரு குறையும் இல்லையாம், களிதான் கெடுத்தது என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அவர்தான் பழி சுமப்பார். நான் குளிக்கப் போனேன்.

மறுநாள் காலையில் மேசையில் களி இருந்தது. வழக்கத்தைவிடக் கூட. பக்கத்தில் முட்டை இரண்டு.

"உயரம் என்ர பிழை" என்றார் அம்மா. "அதுக்கு இனி ஒண்டும் செய்யேலாது. பெலத்தையாவது குறையாமல் தாறன். வாயைத் திற."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. திறந்தேன். அடுத்த இரண்டு பருவங்களும் திறந்தேன். மூன்றாம் அணியில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்து, ஒருநாள் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது எழுபத்தாறு கிலோ இருந்தேன்.