சி.6 என்பது எம்.6 ஆனது

வெதூரியா கர்லான், வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது, படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் ருமேனியாவின் பர்லாட் நகரத்தில். நீதி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பாளர். மணமாகிப் பிரிந்தவர், ஒரே மகள் இத்தாலியில் இருக்கிறாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, நோட்டரி அலுவலகத்தை ஒட்டிய அறையில் அவரது மேசை இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை வைப்பது அவர் தொழில்.

ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பதால் வேலைக்குக் குறைவில்லை, அலுப்புக்கும் குறைவில்லை. வாக்கியங்கள் என்றும் ஒன்றே. மாறுபவை பெயர்களும் எண்களும்தான். பெயரில் பிழை வந்தால் உரியவரே கண்டுபிடித்துவிடுவார். எண்ணில் வந்தால் அயல்நாட்டு அலுவலகம்தான் கண்டுபிடிக்கும். ஆகவே ஒவ்வொருவரின் பதின்மூன்று இலக்கத் தனிநபர் எண்ணையும் அவர் கடைசியிலிருந்து முதலுக்கு வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பார். முதல் இலக்கம் இரண்டென்றால் போன நூற்றாண்டில் பிறந்த பெண். அடுத்த ஆறும் பிறந்த தேதி. பிறகு முப்பத்தேழு வந்தால் இந்த மாவட்டம். மாலையாகும்போது தொண்டை கட்டிப்போகும். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் ஒரு நாள், கடை அடைக்கும் நேரத்தில் சாம்ஃபிரா தோஃபான் வந்து ஒரு கடிதத்தை மேசைமேல் போட்டார்.

"முப்பத்தி நாலு வருஷமா குடும்பம் நடத்துறேன் மேடம். எது என் கல்யாணம்னு கேட்டு எழுதியிருக்கான் பாருங்க."

சாம்ஃபிராவின் கணவர் நிகுலாய் இங்கிலாந்தில் காய்கறி கட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. பலரோடு பகிர்ந்த ஓர் அறையில் கிடக்கிறார். அவரிடம் போய்ச் சேர சாம்ஃபிரா விசா கேட்டிருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் ஒருமுறை கேட்டு, மாமியார் படுக்கையில் விழுந்ததால் பாதியில் விட்டிருந்தார். அன்று தந்த திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் சான்றிதழ் எண்ணுக்கு முன்னால் வரும் வரிசை எழுத்து 'எம்.6', இன்று வெதூரியா மொழிபெயர்த்துத் தந்ததில் 'சி.6'. இரண்டில் எது உண்மை என்று இரண்டு வாரத்துக்குள் விளக்காவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்றது விசா அலுவலகத்தின் கடிதம்.

வெதூரியா பழைய மொழிபெயர்ப்பை வாங்கிப் பார்த்தார். ஊரின் மூத்த மொழிபெயர்ப்பாளர் இலாரியே மந்தாகேயின் முத்திரை. ருமேனிய மொழியில் திருமணத்துக்கான சொல் 'சி'யில் தொடங்குவதால் திருமணச் சான்றிதழின் வரிசையும் 'சி'. அந்தப் பெரியவர் அதையும் விட்டுவைக்காமல் 'மேரேஜ்' என்று பொருள் கண்டு 'எம்' ஆக்கியிருந்தார். தனிநபர் எண் மட்டும் தப்பியிருந்தது. இலக்கத்தை மொழிபெயர்க்க வழியில்லை.

"அப்ப நீங்களும் 'எம்'முன்னே போட்டுடுங்களேன். ஒரு எழுத்துதானே?"

"சான்றிதழ்ல இல்லாத எழுத்த எப்படிம்மா போடுறது? அவன் நம்ம நகராட்சிக்கு எழுதிக் கேட்டா, இப்படி ஒரு கல்யாணமே இங்க பதிவாகலைன்னு பதில் போகும்."

"இப்ப மட்டும் என்ன வாழுது? அந்த மனுஷன் ஒத்தக் கையால சட்டைப் பித்தான் போட முடியாம உக்காந்திருக்கார்."

"நான் விளக்கம் எழுதினா, ரெண்டு பேர்ல யாரை நம்புறதுன்னு திரும்பக் கேப்பான். எழுதினவரே தப்புன்னு எழுதிக் கொடுத்தாத்தான் ஏத்துப்பான்."

"அந்த வாத்தியாரா? செத்தாலும் தரமாட்டாரே!"

மறுநாள் மதியம் வெதூரியாவே போனார். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த இலாரியேவுக்கு எழுபத்தாறு வயது. மொழிபெயர்ப்பை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்ணாடிக் கிண்ணத்தில் செர்ரி ஜாமும் குளிர்ந்த நீரும் கொண்டுவந்து வைத்தார்.

"வாம்மா வெதூரியா. ஜாம் சாப்பிட வந்தியா, என் தப்பைப் பிடிக்க வந்தியா?"

வெதூரியா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல என்ன தப்பு? 'சி'ன்னு போட்டா அந்த வெள்ளைக்காரனுக்கு என்ன புரியும்? அவனுக்குப் புரியட்டும்னுதான் மாத்தினேன்."

"உங்க கார்ல நம்ம மாவட்டத்து எழுத்து வி.எஸ்.ன்னு நம்பர் போட்டிருக்கு சார். லண்டன்ல ஓட்டுனா எல்.ன்னு மாத்திக்குவீங்களா?"

"கிண்டலா? இத்தனை வருஷத்துல ஒருத்தன் கேட்டதில்ல."

"ஒரே காகிதத்தை யாரும் ரெண்டு தடவை கொண்டுபோனதில்ல சார். இந்தம்மா கொண்டுபோயிட்டாங்க."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெதூரியாவுக்குப் பேசவே சலிப்பாக இருந்தது. இவர் ஒப்புக்கொண்டால், இவர் எழுத்தை மாற்றிய அத்தனை பேரும் புதிதாக எழுதிக்கொள்ளத் தன் மேசைக்குத்தான் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மறுத்துவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு மூலை ஆசைப்பட்டதையும் அவர் அறிந்தே இருந்தார். அந்த மூலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"நிகுலாய் தோஃபான் சார். உங்ககிட்டப் படிச்சவர்."

"நிகுலாயா? கடைசி பெஞ்சு. ஒரு வார்த்தை இங்கிலீஷ் ஏறாது."

"இப்பவும் ஏறலையாம். எங்க வலிக்குதுன்னு டாக்டர்கிட்டச் சொல்லத் தெரியாம விரலை மட்டும் காட்டுறாராம்."

இலாரியே மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

"நான் கையெழுத்துப் போட்டா, மத்தவங்கல்லாம்?"

"வருவாங்க."

"யார்கிட்ட?"

"வேற யாரு, என்கிட்டதான்."

"பேசாம வீட்லயே இருந்திருக்கலாமேம்மா நீ."

"இருந்திருக்கலாம் சார்."

அவர் எழுதத் தொடங்கினார். ஆங்கிலம் அழகாகவே இருந்தது. ஒரு சொல்லையும் வெதூரியா திருத்த நேரவில்லை. எப்போதிலிருந்து இவ்வாறு எழுதி வந்தார் என்பதையும் சேர்த்தால்தான் இது ஒரே தாளில் நேர்ந்த கைத்தவறு அல்ல, அவருடைய வழக்கம் என்பது விளங்கும் என்றார் வெதூரியா. அந்த வரியில் பேனா நின்றது. வெதூரியா ஜாமைக் கரண்டியால் கிளறிக்கொண்டு காத்திருந்தார்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் விசா வந்தது. சாம்ஃபிரா துணியில் சுற்றிய இனிப்பு ரொட்டியும் சிவப்புச் சாயமிட்ட ஈஸ்டர் முட்டைகளும் கொண்டுவந்தார்.

"வாத்தியாருக்கும் ரெண்டு முட்டை தனியா வச்சிருக்கேன் மேடம். திட்டாம வாங்கிக்குவாரா?"

"திட்டிட்டு வாங்கிக்குவார்."

அன்று மாலைப் பேருந்தில் சாம்ஃபிரா புறப்பட்டார். ஏறியதும் முழங்கையால் ஜன்னலைத் தட்டினார். இரண்டு கைகளிலும் நிகுலாயின் சட்டைகள் இருந்தன, பித்தான்களைப் பிரித்துவிட்டு ஒட்டுப்பட்டி தைத்தவை.

வெதூரியா அறைக்குத் திரும்பியபோது வாசலில், சேதி கேட்டு வந்த மூன்று பேர் இலாரியேயின் முத்திரை வைத்த தாள்களுடன் நின்றிருந்தார்கள். அவர் விளக்கைப் போட்டு, பெரியவரின் வாக்குமூலத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனா நின்ற அந்த வரியில் எழுதியிருந்தது: பத்தொன்பது ஆண்டுகள்.