கேபின் ஓட்டை வழியா ஒரு ஹீரோ

தியேட்டர்ல படம் புடிக்கலன்னா நீங்க எழுந்து போயிடலாம். ஆபரேட்டர் போக முடியாது, நாலு ஷோவும் பாத்தே ஆவணும். மொக்கைப் படத்துல சிக்கிச் சீரழிஞ்ச உங்க எல்லாருக்கும் நான் மூத்த பங்காளி. 2005-லேருந்து மொதல்ல கடலூர்லயும் பொறவு சிதம்பரத்துலயும் புரொஜெக்டர் கேபின்ல நின்னேன். அப்ப ஒரு ஹீரோ இருந்தாரு. பேரு வேணாம், பாவம். மொதப் படத்துல அப்படி நடிச்சிருந்தாரு, நானே ரசிகனாயிட்டேன். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு படமும் அவர ஒரு படி கீழ எறக்குச்சு. இந்தத் தடவையாச்சும் மனுஷன் தேறிடணுமேன்னு ஒவ்வொரு படப் பொட்டியப் பிரிக்கும்போதும் வேண்டிக்குவேன்.

இடைவேளையில செல்வம்

கடலூர் செம்மண்டலத்துல வெல்டிங் பட்டறை வச்சிருந்த செல்வம்தான் அவரோட ரசிகர் மன்றத் தலைவரு. ரெண்டாவது படத்துக்குத் தன் கையாலயே கம்பி வெல்டிங் பண்ணி, தியேட்டர் ஒசரத்துக்குக் கட் அவுட் வச்சான். பாலாபிஷேகம், வெடி, மேளம், ஒண்ணுத்துக்கும் கொறையில்ல. இடைவேளைக்கு வெளிய வந்தப்ப மொகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஹீரோவுக்கு அதுல டபுள் ஆக்ட்; ரெண்டு பேருமே சகிக்கல. போட்டி மன்றத்துக்காரனுங்க வேற பின் சீட்ல உக்காந்து கொட்டாவி விட்டுக் காட்டுறானுங்களாம். நேரா மாடியேறி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டான்: “அண்ணே, ரெண்டாவது பாதிய மட்டும் கொஞ்சம் வேகமா ஓட்ட முடியாதாண்ணே?”

மேட்னிக்கு ஒரே டிக்கெட்

அதே படம், நாலாவது நாள். துறைமுகத்துல மீன் வித்துட்டு வந்த ஒரு அக்கா மட்டும்தான் உள்ள. மேனேஜர் ஷோவ நிறுத்திடலாம்னாரு. எனக்கு மனசு வர்ல. நம்மாளுக்குன்னு ஒரு ஜீவனாவது வந்திருக்கே! ஓட்டுனேன். சண்டை சீன் நடுவுல அந்தக்கா திரும்பி, கேபின் ஓட்டையப் பாத்துக் கைய ஆட்டுச்சு. ரசிச்சுதான் ஆட்டுதுன்னு நெனச்சு நானும் ஆட்டுனேன். அப்புறம்தான் கத்துச்சு: “சத்தத்தக் கொறை தம்பி, கண்ணு அசந்தா எழுப்பி உட்ருது!”

சிதம்பரத்துல அமேசான்

2008-ல சிதம்பரம் தியேட்டருக்கு மாறிட்டேன். அங்க வந்த அவரோட படத்துல வில்லன் அவர அமேசான் காட்டுல தள்ளிவிட்டுடுவான். காடு என்னமோ நம்ம பிச்சாவரம். அங்கேருந்து படகுக்காரங்க குடும்பம் குடும்பமா வந்து உக்காந்திருந்தாங்க. ஹீரோ தண்ணியில தத்தளிக்கிறப்ப நமக்கு நெஞ்சு பதறணும், தியேட்டரே கைதட்டுது. அந்தோணின்னு ஒரு படகுக்காரரு எழுந்து நின்னு தைரியம் சொன்னாரு: “பயப்படாத சார், அங்க இடுப்பளவு தண்ணிதான்! பக்கத்துல படகு ஓட்டுறது என் மச்சான்தான்!”

அழுகை சீன்

அடுத்த படத்துல தம்பி செத்துட்டான்னு ஹீரோ எட்டு நிமிஷம் அழுவாரு. யூனிவர்சிட்டி பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. எனக்குத் தாங்கல. நம்மாளப் பாத்து இப்படிச் சிரிக்கிறானுங்களேன்னு, மொத ஷோ முடிஞ்சதும் அந்த எட்டு நிமிஷத்தையும் வெட்டிச் சுருட்டி டப்பாவுல போட்டுட்டேன். படம் இழுத்தா ஆபரேட்டரே கத்திரி போடுறது அப்பல்லாம் சகஜம்.

ரெண்டாம் நாள் மேட்னிக்கு ஹீரோவே வந்துட்டாரு! இந்தப் படமும் ஊத்திக்கிச்சுன்னா அடுத்து யாரும் கூப்புட மாட்டாங்கன்னு தியேட்டர் தியேட்டரா அலைஞ்சுக்கிட்டு இருந்தாராம். கடைசி வரிசையில உக்காந்து முழுப் படமும் பாத்துட்டு கேபினுக்கு ஏறி வந்தாரு. “என் அழுகை எங்கண்ணே?”ன்னாரு. “ஜனங்க சிரிச்சாங்க சார். என்னால பாக்க முடியல”ன்னு உண்மையச் சொல்லிட்டேன். கோவிப்பாருன்னு பாத்தா, ஸ்டூல்ல அப்படியே உக்காந்துட்டாரு. நேர்ல எவ்வளவு எளைச்சுப் போயிருந்தாரு தெரியுமா! எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் சொன்னாரு: “ஒட்டிடுங்கண்ணே. சிரிக்கிறதுக்காச்சும் என்னப் பாக்க வரட்டும்.”

ஒட்டுனேன், பசங்க கூட்டம் கூட்டமா சிரிக்க வந்து படம் ரெண்டாவது வாரம் தாண்டுச்சு, அவருக்கும் காமெடி வேஷமா வர ஆரம்பிச்சுது. ஆக, அவரு பொழப்பக் கெடுக்கப் பாத்தவங்க வரிசையில டைரக்டருங்களுக்கு அடுத்த எடம் இந்தத் தீவிர ரசிகனுக்குத்தான்.