தாலி கட்டிய இடத்தில் நான்கு படம்

வீடியோவில் ஒருவர் முகத்தில் கண்ணிமைக்கும் நேரம் வந்துபோகிற பயத்தையும் கோபத்தையும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடுமாம். பேப்பரில் போட்டிருந்தது. அந்த வேலையை நான் எழுபதுகளில் ஒருமுறை செய்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

அப்போது நல்லேப்பிள்ளிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டர். கல்யாணமாகி மூன்று மாதம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மனைவியின் மாமா எங்கள் கல்யாணத்தைச் சின்னக் கேமராவில் பிடித்திருந்தார். பிலிம் கழுவி வந்ததும், ஓட்டுகிற மிஷினோடு என்னிடம் கொடுத்தார்.

பகலில் கதவைச் சாத்தி, சுவரில் வேட்டி கட்டி ஓட்டினேன். தாலி கட்டுகிற இடத்தில் பிலிம் அறுந்தது. ஒட்டுவதற்காக வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்தேன். அடுத்தடுத்த நான்கு படத்தில் மனைவியின் முகம் வேறாக இருந்தது. புருவம் ஏறி, உதடு ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஐந்தாவதில் சிரிப்பு. ஓட்டினால் சிரிப்பு மட்டும்தான் தெரியும்.

என்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். வேறென்ன நினைப்பது.

ஒட்டவில்லை. அந்த ஐந்து படத்தையும் ஒரு துண்டாக வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சோறு போடும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நான்கு படத்து முகம் மறுபடி வரவில்லை. ஒருநாள் முதல் ஆட்டத்தில் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் புரொஜெக்டர் விளக்கில் கார்பன் குச்சி எரிந்து தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. திரை இருண்டது. விசில் பறந்தது. டிக்கெட் கிழிக்கிறவர் கேபினுக்குள் தலையை நீட்டினார்.

"ஏனப்பா, உன்ற படத்தையே நூறு நாளு ஓட்டறயாக்கும்? அங்க சனம் மண்ண வாரி எறியுது."

மறுநாள் காலை துண்டையும் பூதக்கண்ணாடியையும் அவள் முன்னால் வைத்தேன். "இது ஏன்?" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுக்குத்தானுங்களா பத்து நாளா சோத்தப் பாக்காம என்ற மொகத்தப் பாத்தீங்க?"

தலையாட்டினேன்.

"முடிச்சுப் போடறப்ப உங்க கை அப்பிடி நடுங்குச்சுங்க. இந்தாளு தாலியக் கீழ போட்டுப்போடுவாரோன்னு பயந்துட்டேன். உங்க அக்கா வந்து புடிச்சாங்க, அப்பறந்தான் சிரிச்சேன்."

துண்டை வாங்கி, முகத்தை விட்டுக் கையைப் பார்த்தேன். மாலை, பந்தக்கால் எல்லாம் தெளிவாக இருந்தன. என் விரல்கள் மட்டும் கலங்கலாக இருந்தன, நான்கிலும். ஐந்தாவதில் அக்காவின் கை.

பத்து நாளில் அங்கே நான் பார்க்கவே இல்லை.

"தெரியுதுங்களா?"

"ம்."

"இப்பவும் ஆடுது பாருங்க" என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே பிலிமை ஒட்டினேன். ஒட்டியதில் அந்த நான்கில் ஒரு படம் போனது. மூன்று இருக்கிறது.